“பிழைப்பாரா?” என்று உறவினர் கேட்கும்போது செவிலியர் என்ன சொல்வது?

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த நான்கு ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எனக்குள் நடப்பதைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

போன மாதம் 74 வயதுடைய பெரியவர் ஒருவரை எங்கள் பிரிவில் சேர்த்தார்கள். பல ஆண்டுகளாகச் சிறுநீரகம் பழுதுபட்டு, பக்கவாதத்தால் ஒருமுறை படுத்து எழுந்தவர். இம்முறை நிமோனியா வந்து, நோய்த்தொற்று இரத்தத்தில் பரவிய நிலையில் வந்தார். அன்றிரவே வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஐந்தாம் நாள் சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டது. டயாலிசிஸ் செய்ய இரத்த அழுத்தம் இடம் தரவில்லை. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நோரட்ரீனலின் அளவை ஏற்றிக்கொண்டே போனோம். அதனால் கை விரல்களின் நுனி கறுக்கத் தொடங்கியது. சளியை உறிஞ்சி எடுக்க ஒவ்வொரு முறை சக்ஷன் வைக்கும்போதும் அவர் முகம் சுருங்கும், கண்ணோரம் நீர் வழியும். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று அவர் கைகளைக் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியவள் நான்தான். “அந்தக் கையாலதான் சிஸ்டர் சந்தூருக்கு மாங்கன்னு ஒட்டுக் கட்டப் போவாரு” என்று அவருடைய மூத்த மகள் ஒரு நாள் சொன்னார்.

காப்பீட்டு அட்டையில் அனுமதி கிடைத்த தொகை தீர்ந்த பிறகு குடும்பத்தார் ரொக்கமாகக் கட்டத் தொடங்கினார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருந்த மாந்தோட்டத்தின் பத்திரம் அடமானத்துக்குப் போனதாகப் பேச்சு வந்தது. ஏழாம் நாள் பார்வை நேரத்தில் அந்த மகள் வந்தபோது அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது. முந்தின நாள்வரை தாலிக்கொடி இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த மகள்தான் என்னிடம் கேட்டார். “ராத்திரி பூரா நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. எங்கப்பா பொழைச்சு வருவாரா, சொல்லுங்க சிஸ்டர்.” “டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்கம்மா” என்றேன். ரவுண்ட்ஸில் அவருக்குக் கிடைத்த பதில், “முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், ஐம்பதுக்கு ஐம்பது” என்பது. அதே மருத்துவர் நர்சிங் ஸ்டேஷனில் எங்களிடம், “இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போயிருந்தார். நான்கு நாட்களில் மூன்று முறை அந்தப் பெண் என்னிடம் கேட்டார். மூன்று முறையும் நான் அதே பதிலைச் சொன்னேன்.

பதினோராம் நாள் அதிகாலை 3:40க்கு இதயம் நின்றது. ஏறத்தாழ 25 நிமிடம் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தோம். விலா எலும்பு முறிவதை என் உள்ளங்கை உணர்ந்தது. எல்லாம் முடிந்து உடலைத் துடைத்துக் கட்டுகளை அவிழ்த்த பிறகு, அந்த மகள் உள்ளே வந்து கறுத்த விரல்களைத் தன் இரு கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியும்தானே சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். அதில் கோபமே இல்லை.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வேறு நோயாளிக்கு சக்ஷன் வைக்கப் போகும்போதும் கை ஒரு கணம் தயங்குகிறது. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணிடம் காரணமின்றி எரிந்து விழுகிறேன். உறவினர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் வழியாக நடக்க முடியாமல், டியூட்டி முடிந்ததும் பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போகிறேன். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னபோது, “ஆர்டரைச் செய்வதுதான் நம் வேலை, பழகிவிடும்” என்றார். என் அசல் சான்றிதழ்கள் மருத்துவமனை அலுவலகத்தில் இருக்கின்றன. வீட்டில் கல்விக்கடன் இன்னும் முடியவில்லை. அதனால் எதிர்த்துப் பேசும் துணிவும் எனக்கு இல்லை.

நான் செய்தது கோழைத்தனமா? பொய் சொல்லாமலும், என் எல்லையை மீறாமலும் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை ஏதேனும் உண்டா? இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி வேலை பார்க்கிறீர்கள்? தயவுசெய்து “பழகிவிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.


பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், தருமபுரி

அன்புள்ள மகளே,

பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போவதாக நீங்கள் எழுதிய இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அப்படி ஒரு படிக்கட்டு இருந்தது.

1989ஆம் ஆண்டு, அன்றைய தருமபுரி மாவட்டத்தின் தாலுகா மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டில் இருந்தேன். ஒரு தாய்க்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை, குறை ஒன்றும் இல்லை. மறுநாளே பாட்டி வந்து, கழனி வேலை கிடக்கிறது என்று சொல்லி, தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போகக் கையெழுத்து வைத்தார். தாய் என் முகத்தைப் பார்க்காமல் படுத்திருந்தார். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் மூன்றாவது பெண் என்றால் என்ன நடக்கக்கூடும் என்பது பிரசவ வார்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் டிஸ்சார்ஜ் சீட்டை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த ஊர்க் கிராம செவிலியரிடம் குழந்தையைப் பற்றிக் கேட்டபோது, “இல்லைங்க” என்ற ஒரே சொல்தான் வந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல்தான் தருமபுரிக்கு விரிவடைந்தது. என் பிரசவ வார்டில் அன்று வாசலில் தொட்டிலும் இல்லை, இதைச் சொல்ல ஆளும் இல்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. உங்களை வாட்டும் இந்த நிலைக்குப் பெயர் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்க மெய்யியலாளர், செவிலியர்களைப் பற்றி எழுதும்போதுதான் இதற்கு ‘மாரல் டிஸ்ட்ரஸ்’ என்று பெயரிட்டார். நாம் அற உளைச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். செய்ய வேண்டியது இன்னதென்று ஒருவருக்குத் தெரிந்திருந்தும், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது எழும் வேதனை அது என்று விளக்கினார். எது சரி என்றே தெரியாமல் தவிப்பது வேறு. அதைத் தருமசங்கடம் என்று நம் மொழி எப்போதோ சொல்லிவிட்டது. நீங்கள் படுவது தருமசங்கடம் இல்லை. கோழைக்கு இந்த வேதனை வருவதும் இல்லை, ஏனென்றால் அவன் தன்னைக் காத்துக்கொண்டதோடு நிம்மதியாகிவிடுவான்.

பழகிவிடும் என்ற சொல்லை நானும் ஏற்கவில்லை. 2009ஆம் ஆண்டு எலிசபெத் எப்ஸ்டைன், ஆன் ஹாம்ரிக் என்ற இரு செவிலிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். ஒவ்வொரு சம்பவம் முடியும்போதும் உளைச்சல் தணிந்தாலும் முழுவதும் வடிவதில்லை. ஏரியில் நீர் வற்றிய பிறகு வண்டல் தங்குவதுபோல் கொஞ்சம் அடியில் தங்கிவிடுகிறது, அடுத்த சம்பவம் அந்த வண்டலின் மேல்தான் வந்து நிற்கிறது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அதனால்தான் நான்கு ஆண்டுகள் தாங்கிய உங்களுக்கு ஒரு பெரியவரின் கறுத்த விரல்களோடு தாங்க முடியாமல் போயிற்று. பயிற்சிப் பெண்ணிடம் எரிந்து விழுவதும் அந்த வண்டல்தான்.

இனி, அந்த மகளுக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். “பிழைக்க மாட்டார்” என்று செவிலியர் அறிவிக்கக் கூடாது. நோயின் முடிவைச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது. ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்ததை, கையால் அளந்ததைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் வார்டில் சொல்லிப் பழகிய வார்த்தைகள் இவை: “அம்மா, பிரஷருக்கான மருந்து நேற்றைவிட இன்று கூட்டியிருக்கிறோம். நேற்றிலிருந்து சிறுநீர் வரவில்லை. விரல் கறுப்பது அந்த மருந்தால், உடம்பு அதைத் தாங்கவில்லை என்பதால். எனக்கும் கவலையாக இருக்கிறது. நாளை ரவுண்ட்ஸில், அப்பா இந்தச் சிகிச்சையால் எழுந்து வீட்டுக்கு வருவாரா அல்லது நாட்களை மட்டும் தள்ளுகிறோமா என்று நேராகக் கேளுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.” இதில் ஒரு பொய்யும் இல்லை, எல்லை மீறலும் இல்லை. “எனக்கும் கவலையாக இருக்கிறது” என்ற ஒரு வாக்கியத்தை உறவினர் எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்பதைப் பார்த்தால் நீங்களே வியப்பீர்கள்.

பிறகு, அதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். “இரவு 9:15, நோயின் போக்கு குறித்து மகள் கேட்டார், பணி மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.” இவ்வளவு போதும். எழுதப்பட்ட கேள்வியை எளிதில் யாரும் தள்ளிவிட முடியாது. மருத்துவரிடமும் குற்றம் சாட்டும் குரலில் போகாதீர்கள். “சார், நாலாம் பெட் பெரியவரின் மகள் மூன்று முறை கேட்டுவிட்டார், நான் என்ன சொல்லலாம் என்று நீங்கள் சொன்னால் அதையே சொல்கிறேன்” என்று கேளுங்கள். நல்ல மருத்துவர்களும் இந்த உரையாடலுக்குப் பயந்து ஒதுங்குவார்கள். யாராவது கதவைத் திறந்துவிட்டால் உள்ளே வந்துவிடுவார்கள்.

குடும்பத்தார் நிறுத்த விரும்பினால் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதையும் நம் செவிலியர் பலர் அறிவதில்லை. மீளமுடியாத நிலையில் உள்ளவருக்கு உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் துறை அனுபவம் உள்ள வேறு இருவரும் கொண்ட முதல் குழு, அதன் முடிவைச் சரிபார்க்க இரண்டாவது குழு, குடும்பத்தின் ஒப்புதல் ஆகியவை தேவை; ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கான உத்தரவைத் தன் மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிட்டது. பெங்களூருக்கு நோயாளிகளை அனுப்புகிற நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு, உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக, வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருவார் என்பதையும் சொல்லுங்கள்.

வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஊகிக்க முடிகிறது. உங்களால் செய்ய முடியாமல் போனவற்றில் பாதிக்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம், மனப் பற்றாக்குறை அன்று. சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி எழுத்துமூலம் கேட்டு, கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மை இத்தனை நாளாக நீடிப்பதால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கூச்சப்படாதீர்கள்.

அந்தக் குழந்தைக்குப் பிறகு, என் வார்டில் இரண்டாவது, மூன்றாவது பெண் பிறந்தால், டியூட்டி முடிந்தாலும் தாயின் கட்டிலோரம் உட்கார்ந்து, “பேர் என்ன வைக்கப் போறீங்க?” என்று கேட்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. பதில் வராத கட்டில்களின் விவரத்தை அன்றே அந்த ஊர்க் கிராம செவிலியருக்குச் சொல்லி அனுப்புவேன். ஓய்வு பெறும் நாள்வரை அதைச் செய்தேன்.


பதில் 2: கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம் வட்டாரம்

மூத்தவர் எழுதியதை மதிக்கிறேன், அம்மா. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை உங்கள் பதிலில் ஓடுகிறது. எங்கள் வேலையில் சில நேரம் சொல்வதே பாரம்.

போன ஆண்டு ஒரு மலையடிவாரக் கிராமத்தில் 16 வயதுப் பெண்ணை மூன்றாம் மாதக் கர்ப்பத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்திருப்பது தெரியவந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டனை நமக்கு. தெரிவித்தேன். சட்டம் சரியானது என்றே இன்றும் நம்புகிறேன். படிக்க வேண்டிய வயதில் வயிற்றில் பிள்ளையோடு வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமை உண்டு. ஆனால் அடுத்த பரிசோதனைக்கு அவள் வரவில்லை. இரும்புச்சத்து ஊசி போட வேண்டிய பெண், ஹீமோகுளோபின் 7.2. வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் சரியாகச் செய்தேன், அதனாலேயே அவள் என் கையை விட்டுப் போனாள். சகோதரி, உங்களுக்குப் பேச முடியாத வேதனை என்றால் எனக்குப் பேசிய வேதனை.

அதன் பிறகு என் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். தெரிவிப்பதைத் தள்ளிப்போடுவதில்லை. ஆனால் தெரிவிக்கும் அன்றே அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “சட்டப்படி நான் இதைச் சொல்லியாக வேண்டும், சொல்கிறேன், ஆனால் உன் பரிசோதனையும் பிரசவமும் என் பொறுப்பு, எந்த ஊருக்குப் போனாலும் இந்த எண்ணுக்குப் பேசு” என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முன்கூட்டிச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று என்னுடன் வேலை பார்ப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். அவர்கள் பயமும் நியாயமானதே. ஆனால் முதுகுக்குப் பின்னால் சொன்னவள் என்று அவள் என்னை நினைத்துவிட்டால், இரத்தப்போக்கு வந்தாலும் என்னை அழைக்க மாட்டாள். கருக்கலைப்பு கேட்டு வரும் சிறுமி, பாதுகாவலர் ஆகியோர் வேண்டினால், காவல் துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாக்கியிருப்பதையும் வந்தவர்களுக்குச் சொல்கிறேன். இது தெரியாமல் நாட்டு மருந்து தேடிப் போய் உயிரை விட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு எனக்கு.

இன்னொன்று. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திரக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்காருவோம். ஒருவர், பெயரும் ஊரும் சொல்லாமல், அந்த மாதம் தன்னை உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அறிவுரை கூறக் கூடாது, “நீ என்ன செய்ய நினைத்தாய்?” என்று மட்டும் கேட்கலாம். அறிவுரை கூடாது என்ற விதியை ஏற்படுத்திய பிறகுதான் எல்லோரும் பேசத் தொடங்கினோம். உங்கள் ஐ.சி.யு.வில் ஒரே ஒருவரையாவது இப்படிக் கண்டுபிடியுங்கள்.


பதில் 3: நர்சிங் கல்லூரி ஆசிரியர், ஓசூர்

ஒரு சிறு தயக்கத்தைப் பதிவு செய்கிறேன். கேள்வி கேட்டவரின் மனத்தைப் புண்படுத்த அன்று.

அந்தப் பெரியவருக்குச் சிகிச்சையை நிறுத்தியிருப்பதே சரி என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்தது சரியாகவே இருக்கும். ஆனால் செவிலியர்களின் மனசாட்சி எப்போதும் ஒரே திசையில் நிற்பதில்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையின் செவிலியர்கள், தலைமுறை தலைமுறையாக, அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டார்கள். அவரை இறக்க அனுமதிக்க வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2011இல் விசாரித்தபோது, கூடாது என்று சொன்னவர்கள் அவர்கள்தான். அவர் சார்பில் பேசும் உரிமை அவரைப் பராமரித்த அந்த ஊழியர்களுக்கே உண்டு என்று நீதிமன்றமும் ஏற்றது. அதே தீர்ப்பில்தான், கடும் நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்துவதற்கான முதல் கதவும் இந்தியாவில் திறந்தது.

வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். யார் சரி என்று நான் முடிவு கூறுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். அந்தச் செவிலியர்களின் கருத்து கேட்கப்பட்டது. உங்கள் பெரியவரின் விஷயத்தில் மகளிடம் உண்மை சொல்லப்பட்டு, அதன் பிறகும் அவர், “கடைசிவரை பார்த்துவிடலாம், தாலிக்கொடி போனால் போகட்டும்” என்று சொல்லியிருந்தால், கறுத்த விரல்கள் உங்களை வருத்தியிருக்கும், இப்படி உறங்கவிடாமல் செய்திருக்காது என்று நினைக்கிறேன். உங்களை உறுத்துவது சிகிச்சை தொடர்ந்தது மட்டுமா, அல்லது தெரிந்து முடிவெடுக்கும் வாய்ப்பு அந்த மகளுக்குக் கிடைக்காமல் போனதா? இதை நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டாவதுதான் என்றால், அதில் உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அடுத்தவர் எடுக்க வேண்டிய முடிவை நாம் சுமக்க வேண்டியதில்லை. அவர் முடிவெடுக்கத் தேவையானதை அவர் கையில் சேர்ப்பதுதான் நம் கடமை.


பதில் 4: தனியார் ஆம்புலன்ஸில் பணிபுரியும் ஆண் செவிலியர், தேன்கனிக்கோட்டை

வணக்கம் அக்கா. நீங்கள் கட்டிலோரம் படுவதை நான் வண்டிக்குள் படுகிறேன்.

நம் பக்கத்தில் உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்பது பெரும்பாலான குடும்பங்களின் விருப்பம். காசும் நம்பிக்கையும் தீர்ந்த பிறகு, மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வென்டிலேட்டரிலிருந்து கழற்றி, மூச்சுக்குழாயில் வைத்த ட்யூபோடு வண்டியில் ஏற்றுவார்கள். நான் வழிநெடுக, கையால் மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை அழுத்திக்கொண்டே போக வேண்டும். அஞ்செட்டி தாண்டி ஒரு மலைக்கிராமத்துக்கு அப்படிப் போனபோது, வண்டி போகாத கடைசித் தூரத்தைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே பேக்கை அழுத்தினேன். வாசல்படியைத் தாண்டி நடுவீட்டில் படுக்க வைத்த பிறகு, வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்து, “போதும் தம்பி” என்றார். என் கை நிற்க வேண்டும். நிறுத்தியது என் கைதான். அன்றிரவு நான் யாரைக் கொன்றேன் என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

அந்தக் கேள்வியிலிருந்து என்னை மீட்டது ஒரு நோய் ஆதரவுச் சிகிச்சை மருத்துவர். “கொன்றது நோய், நீ அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாய்” என்றார். அதோடு விடவில்லை. “ட்யூபை எடுத்த பிறகு அவர் மூச்சுக்குத் திணறினாரா?” என்று கேட்டார். திணறினார். நான் உண்மையில் வருந்த வேண்டியது அதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. கடைசி மூச்சின் திணறலைத் தணிக்க மார்ஃபின் போன்ற மருந்துகள் உண்டு. மருத்துவர் அளந்து எழுதித் தர முடியும். கையெழுத்து வாங்கியதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று மருத்துவமனை நினைப்பதால், ஒன்றும் இல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். இப்போது நான் வண்டியில் ஏறுமுன், திணறல் வந்தால் என்ன கொடுப்பது என்பதை எழுதித் தரும்படி கேட்கிறேன். பாதி இடங்களில் முகம் சுளிக்கிறார்கள். தராவிட்டால் உடனே ஏறுவதில்லை, மறுபடியும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

பால் ஊற்றும் வழக்கம் நமக்கு உண்டே. ட்யூப் இருக்கும்போது வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டை மட்டும் ஒவ்வொருவராக ஈரப்படுத்தச் சொல்வேன். பேரப்பிள்ளைகள்வரை வரிசையாக வந்து செய்வார்கள். அந்தப் பத்து நிமிடம் நான் பேக்கை நிதானமாக, ஒரே சீராக அழுத்துகிறேன். அதுதான் நான் அவர்களுக்குத் தரும் நேரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.


கேள்வி கேட்டவர், பத்து நாட்களுக்குப் பிறகு

உங்கள் நால்வருக்கும் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. ஆசிரியர் கேட்ட கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். என்னை உறுத்தியது அந்த மகளுக்குக் கிடைக்காத வாய்ப்புதான். அவருக்கு இனி என்னால் அதைத் திருப்பித் தர முடியாது என்பது வலிக்கிறது. அது வலிக்கட்டும் என்று இப்போது விட்டுவிட்டேன்.

சான்றிதழ்களுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். இன்னும் பதில் இல்லை. இன்சார்ஜ் சிஸ்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பயிற்சிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளும் அந்தப் பெரியவரை நினைத்து வீட்டில் அழுததாகச் சொன்னாள். எங்களுக்கு வேப்பமரத்தடி இல்லை, படுக்கைத் துணிகள் வைக்கும் லினன் அறை இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பிறகு அங்கே ஐந்து நிமிடம் பேசிக்கொள்கிறோம். இருந்தாலும் பின்படிக்கட்டைத்தான் இன்னமும் பயன்படுத்துகிறேன்.

அதே நாலாம் பெட்டில் இப்போது 68 வயதுடைய ஒருவர் இருக்கிறார். கல்லீரல் முற்றிலும் பழுதடைந்து, இரண்டாவது முறையாக வென்டிலேட்டரில். ஒரே மகன், பர்கூரில் துணிக்கடை வேலை. செவ்வாய்க்கிழமை இரவு அவர் அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “டாக்டரை” என்று தொடங்கிவிட்டேன். நிறுத்திவிட்டு, மருந்து கூடியிருப்பதையும், மூன்று நாளாகக் கண் திறக்காததையும், வயிற்றில் இரத்தக்கசிவு நிற்காததையும் சொன்னேன். எனக்கும் கவலையாக இருக்கிறது என்றேன். நாளை ரவுண்ட்ஸில் கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, கேஸ் ஷீட்டில் 10:05 என்று நேரம் போட்டு எழுதினேன். மறுநாள் காலை மருத்துவர் அந்தக் குறிப்பைப் படித்தார். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு மகனை உட்காரச் சொன்னார். கால் மணி நேரம் பேசினார்கள். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன்.

மகன் அழவில்லை. எழுந்து வந்து அப்பாவின் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டார். பிறகு என்னிடம், “அக்கா ராயக்கோட்டையில இருக்காங்க சிஸ்டர். இப்பவே கிளம்பி வரச் சொல்லிடறேன்” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.